ஆக்ஸ்பர்க் என்ற ஓர் ஊரும் கிறிஸ்தவத்தின் பெரும் பிளவும்

ஜெர்மனியின் தென்பகுதியில் ஆக்ஸ்பர்க் என்று ஓர் ஊர். அந்த ஊருக்குள் ஃபுக்கராய் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. மஞ்சள் பூச்சு பூசிய மாடி வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும். இரவானால் வெளிவாசல் கதவைச் சாத்திவிடுவார்கள். அங்கே குடியிருப்பவர் கொடுக்கும் வாடகை 88 யூரோ சென்ட். மாதத்துக்குக் கேட்பது அல்ல, ஒரு முழு வருடத்துக்குக் கேட்பது. யாக்கோப் ஃபுக்கர் என்ற பெரு வணிகர் 1521இல் ஏழைகளுக்கென்று இந்த வீடுகளை ஏற்படுத்தியபோது வருடத்துக்கு ஒரு கில்டர் என்று வாடகை வைத்தார். நாணயம் எத்தனையோ முறை மாறிவிட்டது, அந்த ஒரு கில்டர் மட்டும் ஏறவே இல்லை.

வீடு கேட்பவர் ஊர்க்காரராக இருக்க வேண்டும், வசதி இல்லாதவராக இருக்க வேண்டும், கத்தோலிக்கராக இருக்க வேண்டும். இன்னும் ஒரு நிபந்தனையும் உண்டு. தினமும் பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம், விசுவாச மந்திரம் மூன்றையும் ஃபுக்கர் குடும்பத்தாரின் ஆன்மாவுக்காகச் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர், மன்னர்களுக்கே கடன் கொடுத்தவர், ஏழைகளிடம் ஜெபத்தை எதற்காகக் கேட்டார்? இது புரிந்துவிட்டால் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டுகளும் ஏன் பிரிந்தார்கள் என்பதில் பாதி புரிந்துவிடும். மீதிப் பாதியையும் இதே ஊரை வைத்தே பார்க்கலாம். அந்தப் பிளவின் முக்கியமான கட்டங்களில் பல இந்த ஒரே ஊரின் சில தெருக்களுக்குள் நடந்திருக்கின்றன.

முதலில் அன்றைய நம்பிக்கை. மனிதன் பாவம் செய்கிறான். குருவிடம் போய்ப் பாவங்களைச் சொல்லி ஒப்புக்கொள்கிறான், அதாவது பாவசங்கீர்த்தனம் செய்கிறான், கடவுள் மன்னிக்கிறார். ஆனால் மன்னிப்போடு கணக்கு முடிவதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பந்தடித்து உங்கள் சன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டான் என்று வையுங்கள். அவன் அழுதுகொண்டு வந்து மன்னிப்புக் கேட்கிறான், நீங்களும் மன்னித்துவிடுகிறீர்கள். கோபம் போய்விட்டது, சரி. கண்ணாடி இன்னும் உடைந்துதானே கிடக்கிறது? அதற்கான பரிகாரத்தை யாராவது செய்தாக வேண்டும். இந்த உலகத்தில் செய்து முடிக்காத பரிகாரத்தை, செத்த பிறகு மோட்சத்துக்குப் போகும் முன் ஆன்மா ஓரிடத்தில் வேதனைப்பட்டுத் தீர்க்கும் என்று சொன்னார்கள். தமிழ்க் கத்தோலிக்கர் அதை உத்தரிக்கிற ஸ்தலம் என்பார்கள். அது நரகம் அல்ல. அங்கே போன ஆன்மா என்றாவது ஒரு நாள் மோட்சம் சேரும். அந்த ‘என்றாவது’ எப்போது என்பதுதான் எல்லோரையும் வாட்டிய கேள்வி.

உயிரோடு இருப்பவர்கள் அந்த ஆன்மாக்களுக்கு உதவலாம். பூசை வைக்கலாம், ஜெபம் சொல்லலாம், தர்மம் செய்யலாம். ஃபுக்கர் செய்த ஏற்பாடு இதுதான். பல தலைமுறைக்கு ஏழைகளுக்கு வீடு, பல தலைமுறைக்குத் தன் ஆன்மாவுக்கு ஜெபம். இதை வெறும் பணக்காரக் கணக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது. செத்துப்போன தாய்க்காகப் பிள்ளை செய்ய இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்ற எண்ணம் எவ்வளவு ஆறுதலானது என்பது திவசம் கொடுக்கும் நமக்குத் தெரியாததா?

இன்னொரு வழியும் இருந்தது. கிறிஸ்துவும் புனிதர்களும் சேர்த்துவைத்த புண்ணியம் திருச்சபையிடம் ஒரு கருவூலம்போல் இருக்கிறது, அதன் சாவி பாப்பரசர் கையில் இருக்கிறது, அதிலிருந்து எடுத்து ஒருவருடைய பரிகாரக் கடனைக் குறைக்க அவரால் முடியும் என்று போதிக்கப்பட்டது. அப்படிக் குறைத்துக் கொடுப்பதைத்தான் நம் பள்ளிப் பாடப் புத்தகங்கள் ‘பாவமன்னிப்புச் சீட்டு’ என்று எழுதுகின்றன. அந்தச் சொல் கொஞ்சம் தவறாக வழிகாட்டும். சீட்டு பாவத்தை மன்னிக்கும் என்று திருச்சபை சொல்லவில்லை. மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிச்சமிருக்கும் தண்டனையைக் குறைக்கும் என்றுதான் சொன்னது. கத்தோலிக்கர் அதைப் பலன் என்பார்கள், முழுவதும் தீர்ந்தால் பரிபூரண பலன். ஆனால் சந்தையில் கூட்டத்தோடு நின்று பிரசங்கம் கேட்ட குடியானவருக்கு இந்த நுட்பம் போய்ச் சேர்ந்திருக்குமா? போய்ச் சேர விடவில்லை என்பதுதான் பின்னால் எழுந்த புகார்.

அந்தச் சீட்டு எப்படி இருந்தது தெரியுமா? குட்டன்பர்க் அச்சுக்கலையைக் கொண்டுவந்ததும் முதலில் அச்சான சரக்குகளில் இதுவும் ஒன்று. 1454லேயே அச்சான படிவங்கள் இன்றும் பாதுகாப்பில் இருக்கின்றன. ஒரே தாள், லத்தீனில் அச்சடித்த வாசகம், நடுநடுவே காலி இடம். வாங்குபவர் பெயரையும் தேதியையும் அந்தக் காலி இடத்தில் பேனாவால் நிரப்பிக் கொடுப்பார்கள். இன்று ஏதாவது அலுவலகத்தில் நாம் நிரப்பும் படிவத்துக்கும் அதற்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவர் தன் ஆன்மாவைப் பற்றி வைத்திருந்த ஆக ஆழமான பயம், கோடிட்ட இடத்தை நிரப்பும் தாளாகிவிட்டது. எனக்கு இந்தப் பிளவைப் பற்றி எது மறந்தாலும் அந்தக் காலி இடம் மறக்காது.

அடுத்து பணத்தின் கதை. ஆல்பிரெக்ட் என்ற இளம் பிரபு ஏற்கனவே மாக்டபர்க் பேராயர். 1514இல் மைன்ஸ் பேராயர் பதவியும் அவருக்கு வந்தது. ஒருவரே இத்தனை மறைமாவட்டங்களை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்காது. விதிவிலக்கு வேண்டுமென்றால் ரோமுக்குப் பெரும் தொகை கட்ட வேண்டும். அந்தத் தொகையை ஃபுக்கரிடம் கடன் வாங்கிக் கட்டினார். கடனை அடைக்க வழி? ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டுவதற்காக அறிவித்திருந்த பலனைத் தன் பகுதியில் விற்க அனுமதி வாங்கினார். வசூலில் பாதி ரோமுக்கு, பாதி ஃபுக்கர் கடனுக்கு. காசு போட்ட ஏழைக்கு இந்தப் பங்கீடு தெரியாது. யோகான் டெட்செல் என்ற துறவி ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார்.

விட்டன்பர்க்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்த மார்ட்டின் லூதர் என்ற அகுஸ்தீன் சபைத் துறவியின் காதுக்கு இது எட்டியது. அவரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்த ஊர்க்காரர்கள் சீட்டு வாங்கிய தைரியத்தில் மனந்திரும்புதலைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்தார்கள். 1517 அக்டோபர் 31 அன்று அவர் ஆல்பிரெக்டுக்கு ஒரு கடிதம் எழுதி, விவாதத்துக்கென்று லத்தீனில் தயாரித்த 95 கருத்துகளையும் கூடவே வைத்து அனுப்பினார். கோயில் கதவில் ஆணியடித்து ஒட்டினார் என்ற கதைதான் எல்லோருக்கும் தெரியும், அது நடந்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கடிதம் போனது உறுதி. மனந்திரும்புதல் என்பது ஒரு நாள் சடங்கு அல்ல, விசுவாசியின் முழு வாழ்க்கையும் அதுதான் என்று முதல் கருத்திலேயே சொல்லிவிட்டார். 86ஆவது கருத்தில், இவ்வளவு செல்வம் உள்ள பாப்பரசர் ஏழைகளின் காசில் கட்டாமல் தன் சொந்தப் பணத்தில் பேராலயத்தைக் கட்டக் கூடாதா என்று ஜனங்கள் கேட்கிறார்களே என்றார்.

லூதரை வெறும் ஊழல் எதிர்ப்பாளராகப் பார்த்தால் அவரைத் தவறவிட்டுவிடுவோம். அவரே அந்தப் பயத்தின் பிடியில் வாடியவர். துறவு மடத்தில் பட்டினி கிடந்து, கண் விழித்து, திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனம் செய்தும் கடவுள் தன்னை ஏற்றுக்கொண்டார் என்ற நிம்மதி அவருக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் ரோமர் நிருபத்தின் ஒரு வரி அவரைத் தூக்கி நிறுத்தியது: ‘விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்.’ மனிதன் தன் செயல்களால் கடவுளின் கணக்கைத் தீர்க்க முடியாது, தீர்க்கவும் வேண்டாம், கிறிஸ்துவால் அது இனாமாகக் கிடைக்கிறது, கை நீட்டி வாங்கிக்கொள்வதுதான் விசுவாசம். இதுதான் அவர் கண்டது. நல்ல காரியங்கள் செய்ய வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மரம் நன்றாக இருந்தால் கனி தானே வரும், கனியைக் கட்டித் தொங்கவிட்டு மரத்தை நல்லதாக்க முடியாது என்றார். இது உண்மை என்றால் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கான அந்தப் பெரிய ஏற்பாடு முழுவதும், சீட்டு மட்டுமல்ல, இறந்தவருக்கான பூசைகளும் ஃபுக்கர் கேட்ட ஜெபமும் சேர்த்து, ஆட்டம் காணும்.

ஒரு வருடம் கழித்து, 1518 அக்டோபரில், லூதரை ஆக்ஸ்பர்க்குக்கு வரவழைத்தார்கள். தங்கியது புனித அன்னா கோயிலை ஒட்டிய கர்மேல் மடத்தில். விசாரித்தவர் பாப்பரசரின் பிரதிநிதி கர்தினால் கஜத்தான், அன்றைய மிகப் பெரிய இறையியல் அறிஞர்களில் ஒருவர். விசாரணை நடந்த இடம் யாக்கோப் ஃபுக்கரின் வீடு. எந்த வீட்டுக் கடனுக்காகச் சீட்டு விற்றார்களோ அதே வீட்டில் அந்தச் சீட்டை எதிர்த்தவர் போய் நின்றார்.

கஜத்தான் கெட்டவர் அல்ல. மிரட்டிப் பார்க்காமல் தந்தைபோல் பேசத்தான் ஆரம்பித்தார். ஆனால் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: சொன்னதைத் திரும்பப் பெறு. புண்ணியக் கருவூலத்தைப் பற்றி ஒரு பாப்பரசர் ஏற்கனவே ஆணை எழுதிவிட்டார், அதற்கு மேல் என்ன விவாதம்? நான் சொன்னது தவறு என்று வேதத்திலிருந்து காட்டுங்கள், அப்புறம் திரும்பப் பெறுகிறேன் என்றார் லூதர். சில நாள் கழித்து இரவோடு இரவாக ஊரைவிட்டுத் தப்பினார்.

சீட்டு விற்பது சரியா என்று தொடங்கிய பேச்சு, கடவுளின் பெயரால் கடைசி வார்த்தை சொல்வது யார் என்று மாறியது இந்த வீட்டில்தான். கத்தோலிக்கரின் பதில், வேதமும் அதை ஆதி முதல் காத்து விளக்கிவரும் திருச்சபையும் சேர்ந்து. லூதரின் பதில், வேதம் மட்டும். கஜத்தானுக்கு இருந்த கவலையும் நியாயமானதுதான். ஆளாளுக்கு வேதத்தை எடுத்து வாசித்து அர்த்தம் சொல்ல ஆரம்பித்தால் ஆளுக்கொரு சபை ஆகிவிடாதா? ஆனது. லூதர் வாழ்ந்த காலத்திலேயே சூரிக்கில் ஸ்விங்லி, ஜெனீவாவில் கால்வின், குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத அனபாப்டிஸ்டுகள் என்று கிளைகள் பிரிந்தன. அனபாப்டிஸ்டுகளைக் கத்தோலிக்கரும் கொன்றார்கள், சீர்திருத்தக்காரரும் கொன்றார்கள். அதை மறைக்கக் கூடாது.

ரோம் லூதரைச் சபையிலிருந்து விலக்கியது. 1522இல் அவருடைய ஜெர்மன் புதிய ஏற்பாடு வெளிவந்தது. ஆக்ஸ்பர்க் பெரிய அச்சு நகரம், துண்டுப் பிரசுரங்கள் மழையாய்ப் பொழிந்தன. 1525 கிறிஸ்துமஸ் அன்று புனித அன்னா கோயிலில் ஒரு சம்பவம். அதுவரை பூசையில் சாதாரண மக்களுக்கு அப்பம் மட்டும்தான் கொடுப்பார்கள், ரசக் கிண்ணம் குருவுக்கு. அன்று மக்கள் கைக்கும் கிண்ணம் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வாய் திராட்சை ரசம், அவ்வளவுதான். குருவுக்கும் நெசவாளிக்கும் நடுவே இருந்த ஒரு கோடு அந்த ஒரு வாயில் அழிந்தது. ‘நன்மை வாங்குவது’ என்று கத்தோலிக்கரும் ‘திருவிருந்து’ என்று சி.எஸ்.ஐ., லுத்தரன் சபையாரும் நம் ஊரில் சொல்லும் அந்தச் சடங்கைச் சுற்றித்தான் பிளவின் மிகக் கூர்மையான வலி இருந்தது. சில நாளில், டிசம்பர் 30 அன்று, யாக்கோப் ஃபுக்கர் இறந்தார். அவர் தனக்கென்று கட்டிவைத்திருந்த கல்லறைச் சிற்றாலயம் அதே புனித அன்னா கோயிலுக்குள் இருந்தது. அங்கேதான் புதைத்தார்கள்.

1530இல், ஜெர்மன் பிரபுக்களுக்கெல்லாம் மேலே இருந்த பேரரசர் ஐந்தாம் சார்லஸ், ஆக்ஸ்பர்க்கில் பேரரசின் அரசியல் சபையைக் கூட்டினார். ஜூன் 25 அன்று லுத்தரன் பிரபுக்களும் நகரங்களும் தங்கள் விசுவாச அறிக்கையை அவர் முன் ஜெர்மன் மொழியில் உரக்க வாசித்தார்கள். எழுதியவர் லூதரின் நண்பர் மெலாங்தன். தரங்கம்பாடியிலிருந்து வளர்ந்த நம் தமிழ் லுத்தரன் சபை உட்பட உலகின் லுத்தரன்கள் இன்றும் அடிப்படை ஆவணமாக ஏற்பது இந்த ஆக்ஸ்பர்க் அறிக்கையைத்தான். படித்துப் பார்த்தால் சண்டைக்காரத் தொனியே இருக்காது. நாங்கள் புதிய மதம் எதுவும் தொடங்கவில்லை, பழைய திருச்சபையைச் சேர்ந்தவர்கள்தான் என்று நிரூபிக்கப் பாடுபடும் ஆவணம் அது. சார்லஸ் ஏற்கவில்லை.

அப்புறம் ஆக்ஸ்பர்க்கில் நடந்தது ஊஞ்சல் ஆட்டம். 1537இல் நகர மன்றம் பூசையைத் தடை செய்து சுரூபங்களை அகற்றியது, கத்தோலிக்கக் குருக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். 1547இல் சார்லஸ் போரில் லுத்தரன் பிரபுக்களைத் தோற்கடித்துவிட்டுப் படையோடு ஊருக்குள் வந்தார். பேராலயம் கத்தோலிக்கருக்குத் திரும்பியது. தொழில் சங்கங்கள் கையில் இருந்த நகர ஆட்சியைப் பறித்து, பெரும்பாலும் கத்தோலிக்கரான பெருங்குடியினர் கையில் கொடுத்தார். ஊர் மக்களில் பெரும்பாலோர் லுத்தரன், ஆட்சி கத்தோலிக்கர் வசம். இந்தக் கோணல் நிலை நூறு வருடம் நீடித்தது.

இந்த இடத்தில் ஒரு தவறான படத்தைத் திருத்த வேண்டும். ஒரு பக்கம் சீர்திருத்தம், மறுபக்கம் மாறாத பழமை என்று நினைத்துக்கொள்வது சரியல்ல. கத்தோலிக்கத் திருச்சபையும் உள்ளுக்குள் மாறியது. 1545 முதல் 1563 வரை கத்தோலிக்க ஆயர்கள் விட்டுவிட்டுக் கூடிய திரெந்து பொதுச்சங்கம், ஆயர்கள் தங்கள் மறைமாவட்டத்திலேயே தங்க வேண்டும், குருக்களைப் பயிற்றுவிக்கக் குருமடங்கள் வேண்டும், பலன்களைக் காசுக்கு விற்கும் வசூல்காரர்கள் இனிக் கூடாது என்று தீர்மானித்தது. கொள்கையில் விட்டுக்கொடுக்கவில்லை, நடைமுறையை நேராக்கியது. இயேசு சபை என்ற புதிய துறவியர் சபை 1540இல் அங்கீகாரம் பெற்றது. அந்தச் சபையின் பீட்டர் கனீசியுஸ் 1559 முதல் சில ஆண்டுகள் ஆக்ஸ்பர்க் பேராலயத்தில் பிரசங்கம் செய்து பலரைத் திரும்ப அழைத்துவந்தார். அதே சபையின் சவேரியார் 1542லேயே நம் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார் என்பதை நினைத்தால் அவர்களுடைய வேகம் புரியும்.

1555இல், மறுபடியும் ஆக்ஸ்பர்க்கில், ஓர் உடன்படிக்கை. எந்த நாட்டை எந்தப் பிரபு ஆள்கிறாரோ அவருடைய மதம்தான் அந்த நாட்டின் மதம். பிடிக்காத குடிமகன் சொத்தை விற்றுவிட்டு வெளியேறலாம். இது மனசாட்சிக்குக் கிடைத்த சுதந்திரம் அல்ல, பிரபுவுக்குக் கிடைத்த சுதந்திரம். அதுவும் கத்தோலிக்கர், லுத்தரன் இரண்டே வாய்ப்பு, கால்வின் வழியாருக்குக்கூட இடமில்லை. ஆனால் ஒரு சிறு விதி இருந்தது: எந்தப் பிரபுவுக்கும் உட்படாமல் நேரே பேரரசரின் கீழ் இருந்த பேரரசு நகரங்களில், ஏற்கனவே இரண்டு மதமும் சேர்ந்து இருந்தால், இரண்டும் தொடரலாம். ஆக்ஸ்பர்க் அப்படிப்பட்ட ஊர். நாடு நாடாகப் பிரித்துவிட்டால் போதும் என்று மற்றவர்கள் தப்பித்துக்கொண்டபோது, இப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் மட்டும் ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் வாழ வழி தேட வேண்டியிருந்தது.

எவ்வளவு கஷ்டம் என்பதற்கு நாட்காட்டிச் சண்டை. பழைய ஜூலியன் நாட்காட்டி சூரியனைவிட 10 நாள் பின்தங்கிவிட்டது. பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரி 1582இல் அதைத் திருத்தினார்: அக்டோபர் 4க்கு அடுத்த நாள் 15. கணக்கு சரியான கணக்கு. சுற்றியிருந்த கத்தோலிக்கப் பகுதிகள் மாறிவிட்டதால் சந்தை நாட்கள் குழம்புகின்றன என்று சொல்லி ஆக்ஸ்பர்க் நகர மன்றமும் 1583இல் புது நாட்காட்டியை ஏற்றது. லுத்தரன்கள் கொதித்தார்கள். பாப்பரசர் சொல்லி நாங்கள் ஈஸ்டரை மாற்றுவதா? பேரரசு நீதிமன்றம்வரை போனார்கள், தோற்றார்கள். 1584இல் அவர்களுடைய தலைமைப் போதகரை ஊரைவிட்டு அனுப்ப மன்றம் முயன்றதும் கைத்தொழிலாளர் கூட்டம் ஆயுதத்தோடு திரண்டது. வாக்கியப் பஞ்சாங்கத்திலும் திருக்கணிதத்திலும் சனிப்பெயர்ச்சி வெவ்வேறு தேதியில் வருவதை நாம் பார்த்திருக்கிறோம். அது கணித வேறுபாடு, அதற்காக யாரும் கத்தியை எடுப்பதில்லை. அங்கே கணிதத்தில் யாருக்கும் பெரிய சந்தேகமில்லை. உத்தரவு எந்த வாயிலிருந்து வந்தது என்பதுதான் பிரச்சினை. கஜத்தானும் லூதரும் விட்ட இடத்தில்தான் நாட்காட்டியும் வந்து நின்றது. ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் பகுதிகள் அந்த 10 நாளை ஏற்க 1700 ஆயிற்று.

இதே காலத்தில் வெளியே நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்ஸில் 1572இல் புனித பர்த்தலோமேயு திருநாளன்று தொடங்கிப் புராட்டஸ்டண்டுகளை ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொன்றார்கள். இங்கிலாந்தில் மேரி அரசி புராட்டஸ்டண்டுகளை எரித்தார், அடுத்து வந்த எலிசபெத் காலத்தில் கத்தோலிக்கக் குருக்கள் தூக்கில் தொங்கினார்கள். 1618இல் பிராகில் வெடித்த சண்டை முப்பதாண்டுப் போராக மாறியது. அதில் மதத்தோடு அரச ஆசைகளும் கலந்திருந்தன. ஒரு கர்தினாலே முதலமைச்சராக இருந்த கத்தோலிக்க பிரான்ஸ், லுத்தரன் ஸ்வீடன் பக்கம் நின்று போரிட்டது.

ஆக்ஸ்பர்க்குக்குத் திரும்புவோம். பேரரசர் 1629இல் போட்ட ஆணையின்படி ஆகஸ்ட் 8 அன்று லுத்தரன் போதகர்கள் அனைவரையும் பதவியிலிருந்து நீக்கினார்கள், அவர்களுடைய வழிபாடு நின்றது. 1632இல் ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் ஊருக்குள் நுழைந்ததும் எல்லாம் தலைகீழ், இப்போது கத்தோலிக்கருக்குக் கஷ்டம். பின்னர் பேரரசின் படை முற்றுகையிட்டது. 1634–35 குளிர்காலத்தில் ஊர் பட்டினியால் செத்தது. போருக்கு முன் நாற்பதாயிரத்துக்கும் மேல் இருந்த மக்கள்தொகை, 1635இல் எண்ணிப் பார்த்தபோது ஏறத்தாழ 16,000. ஊர் மறுபடி கத்தோலிக்கர் கைக்குப் போனது. கோயில்களை இழந்த லுத்தரன்கள் பல ஆண்டுகள் புனித அன்னா பள்ளியின் முற்றத்தில் திறந்த வெளியில், வெயிலிலும் பனியிலும் நின்று ஆராதனை செய்தார்கள்.

1648இல் வெஸ்ட்பாலியா உடன்படிக்கை. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விதி உண்டு. பேரரசின் சபையில் மத விஷயம் வந்தால் பெரும்பான்மை வாக்கு செல்லாது. கத்தோலிக்கர் ஒரு பக்கம், புராட்டஸ்டண்டுகள் ஒரு பக்கம் தனித்தனியே கூடிப் பேசி, இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. எண்ணிக்கையில் அதிகம் இருப்பவர் மற்றவரின் ஆன்மாவைப் பற்றி முடிவெடுக்க முடியாது என்று சட்டமாகவே எழுதிவிட்டார்கள். சகிப்புத்தன்மை என்ற நல்ல குணம் திடீரென்று யாருக்கும் பிறந்துவிடவில்லை. ஒருவரை ஒருவர் அழிக்க முடியாது என்று தெரிந்துகொண்ட களைத்துப்போன மனிதர்கள், உட்கார்ந்து, வரி வரியாக எழுதிய ஏற்பாடு இது.

ஆக்ஸ்பர்க் உட்பட நான்கு நகரங்களுக்குச் சமபங்கு ஆட்சி என்று விதித்தார்கள். நகரத் தலைவர் இருவர்: ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் லுத்தரன். மற்றப் பதவிகளும் அப்படியே பாதிப் பாதி, ஒருவர் மட்டுமே அமரக்கூடிய பதவி என்றால் மாறி மாறி. யார் எவ்வளவு பேர் என்ற கணக்கே வேண்டாம். இந்த ஏற்பாடு அன்பை வளர்க்கவில்லை. கலப்புத் திருமணம் அரிது, பெயரைக் கேட்டாலே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். நம் ஊரிலும் அந்தோணி, ஆரோக்கியசாமி, சூசை என்றால் ஆர்.சி., எபினேசர், சாமுவேல் என்றால் மற்றச் சபை என்று கணிப்பதில்லையா, அதே மாதிரி. ஆனால் கொலை நின்றது. புனித உல்ரிக் பெயரில் ஒரு பெரிய கத்தோலிக்கக் கோயிலும் அதை ஒட்டி ஒரு சின்ன லுத்தரன் கோயிலும் அங்கே இன்றும் சுவரோடு சுவராக நிற்கின்றன. போதகர்களை நீக்கிய அந்த ஆகஸ்ட் 8ஐ லுத்தரன்கள் 1650 முதல் சமாதானத் திருநாளாகக் கொண்டாடத் தொடங்கினார்கள். இன்று அது ஆக்ஸ்பர்க் நகரத்துக்கு மட்டும் உள்ள பொது விடுமுறை, எல்லாரும் சேர்ந்தே கொண்டாடுகிறார்கள்.

இந்தப் பிளவு நம் கரைகளுக்கும் வந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்கள் கால்வின் வழிச் சபையார். கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்து குருக்களை விரட்டினார்கள். போர்த்துக்கீசர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற தமிழர் குருவே இல்லாமல் ரகசியமாக ஜெபம் சொல்லி வந்தார்கள். கோவாவிலிருந்து 1687இல் யோசேப்பு வாஸ் என்ற குரு ஏழைக் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்து, இரவுகளில் வீடு வீடாகப் பூசை வைத்தார். அவருக்கு அடைக்கலம் கொடுத்தது கண்டியின் பௌத்த அரசு, அதுவும் முதலில் வேவுகாரர் என்று சிறையில் போட்ட பிறகு. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த லுத்தரன் போதகர் சீகன்பால்கு தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் இயேசு சபைக்காரர். அவர் லுத்தரன்களை மறுத்து ‘வேதவிளக்கம்’, ‘பேதகமறுத்தல்’ என்று உரைநடை நூல்கள் எழுதினார். ஃபுக்கர் வீட்டில் தொடங்கிய வாதம், இரு நூற்றாண்டு கழித்து, காவிரிக் கரையில் தமிழ் உரைநடைக்கு உரமானது.

1999 அக்டோபர் 31 அன்று கத்தோலிக்கத் திருச்சபையின் பிரதிநிதிகளும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பின் பிரதிநிதிகளும் ஓர் ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள். மனிதன் கடவுள் முன் நீதிமானாவது அவர் அருளால், தன் தகுதியால் அல்ல என்று இருவரும் சேர்ந்தே சொல்லும் ஆவணம். லூதரைத் தூங்கவிடாமல் செய்த அதே கேள்விக்கு இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பதில். கையெழுத்தான இடம் ஆக்ஸ்பர்க் புனித அன்னா கோயில். எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பாப்பரசரின் அதிகாரம் அப்படியே வாதமாக நிற்கிறது, ஒரே பீடத்தில் சேர்ந்து நன்மை வாங்க இரு சபைகளும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

யாக்கோப் ஃபுக்கரின் கல்லறை இன்றும் அந்தக் கோயிலுக்குள்தான் இருக்கிறது. அது லுத்தரன் கோயில், அங்கே நடக்கும் லுத்தரன் ஆராதனையில் அவர் ஆன்மாவுக்காக மன்றாடுவதில்லை. அதே ஊரில், நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், வருடத்துக்கு 88 சென்ட் வாடகை கொடுக்கும் ஒருவர் இன்றைக்கும் அவருக்காக மூன்று மந்திரம் சொல்கிறார்.